தும்மினால் நனைகிறதா என்று கேளுங்கள்

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு வண்டிப் பாதை வந்த பிறகும், படியேறித்தான் முருகனைக் கும்பிட வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அடிவாரத்து வயல்களில் நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில்தான். புல்லுக்கட்டு தலையில் ஏறாத நாள் குறைவு. இப்படி உழைக்கிற பெண் ஒரு கட்டத்தில் படியேறுவதை விட்டுவிடுகிறார். கேட்டால் முழங்கால் வலி என்பார். வலி உண்மையாகவே இருக்கலாம். சொல்லக் கூசும் இன்னொன்றும் கூடவே இருக்கலாம்.

சிறுநீர்க்கசிவு பிள்ளை பெற்ற உடம்பின், வயதேறிய உடம்பின் விதி என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, நம் இயன்முறை மருத்துவத் துறையிலும் ஊறிக் கிடக்கிறது. ஸ்வீடனில் டிராம்போலின் வீராங்கனைகள் 35 பேரிடம் விசாரித்து 2002இல் வெளியான ஆய்வில், 28 பேர் கசிவு இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவரும் பிள்ளை பெற்றவரல்லர். பெரும்பாலோர் பள்ளி வயதினர். வயிற்றறை அழுத்தம் திடீரென ஏறும்போது இடுப்புத்தளத் தசைகள் ஈடுகொடுக்காவிட்டால் கசியும். துள்ளிக் குதித்தாலும் சரி, கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாலும் சரி.

வெட்கம் இதை மேலும் கெடுக்கிறது. வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை. கசியுமோ என்ற பயமும் சேர்ந்தால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். தொற்று வரும். மலச்சிக்கலில் முக்க முக்க, இருக்கிற தசையும் தளரும். பிறகு பஸ் பயணம் குறையும், கல்யாண வீடு குறையும். சர்க்கரை நோய் உள்ளவர் நடைப்பயிற்சியையே கைவிட்டால், அதன் விலை சிறுநீர்ப்பையோடு நிற்காது.

இத்தனைக்கும் சிகிச்சை நம் கையில் இருக்கிறது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் இடுப்புத்தளப் பயிற்சியைப் பற்றி எழுதியது 1948இல். அழுத்தத்தால் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்கள் 100 பேருக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 பேர்தான் என்று 2018இன் காக்ரேன் திறனாய்வு காட்டியது. ஆனால் துண்டுச்சீட்டைக் கொடுத்து அனுப்புவது பயிற்சியாகாது. 1991இல் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்து அளந்து பார்த்தபோது, பாதிப் பேரே சரியாக இறுக்கினார்கள். கால் பங்கினர் செய்த முறை கசிவைக் கூட்டக்கூடியது. மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்குகிறாரா, உள்ளிழுத்து மேலே தூக்குகிறாரா என்று பரிசோதித்தே தெரிந்துகொள்ள முடியும். ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், மேற்பார்வையோடு என்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். இருமுவதற்கும் கட்டைத் தூக்குவதற்கும் சற்று முன்பே இறுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்; வயல்வேலை செய்பவருக்கு உடனே உதவுவது அதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே போகிறார். பக்கவாதத்துக்கும் மூட்டுவலிக்கும் போகிறவர், மாமியாரும் பிள்ளைகளும் எட்ட இருக்கும் நேரம் பார்த்து, "ஆச்சி, தும்முனா, இருமுனா துணி நனைஞ்சிருதா? ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியலியா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். ஆண் மருத்துவரிடம் அவர் கூசினால் கிராம சுகாதார செவிலியர் கேட்கட்டும். பெரும்பாலான பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்கவேண்டியது நம் வேலை.

சிறுநீரில் ரத்தம், பிரசவத்துக்குப் பின் இடைவிடாத ஒழுக்கு, கர்ப்பப்பை இறக்கம், முழுதாகக் கழிக்க முடியாமை ஆகியவை இருந்தால் பயிற்சியில் காலம் கடத்தாமல் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரத்த அழுத்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்து, அதனால் கசிகிறதா என்றும் பாருங்கள். சிலருக்கு மாத்திரையை மருத்துவர் மாற்றித் தந்தாலே போதும். மற்றவர்களுக்கு முழங்கால் பயிற்சி எழுதும் அதே தாளில், அதே நாளில் இதையும் எழுதித் தொடங்கலாம்.