ரிப்ளை பட்டன் மறைக்கும் முகவரி: ஒருமுறையாவது கமாண்ட் லைனில் பதில் போட்டுப் பாருங்க!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகம். மாலை ஆறரை மணி என்று வைத்துக்கொள்வோம். தைவானில் ஆர்டர் கொடுத்த நிட்டிங் மெஷினுக்கு மீதிப் பணம் அனுப்ப வேண்டும். சப்ளையரிடமிருந்து மெயில் வருகிறது. வழக்கமான இன்வாய்ஸ்தான், கூடவே ஒரு வரி: "ஆடிட் நடப்பதால் பழைய வங்கிக் கணக்கு இந்த மாதம் இயங்காது. புதிய கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது."

கேபினிலிருந்து முதலாளி குரல் கொடுக்கிறார். "ஏம்ப்பா, அந்தத் தைவான்காரருக்கு ரிப்ளை போட்டாச்சா?"

அக்கவுன்ட்ஸ் பையன் உஷாரானவன்தான். பணத்தை உடனே அனுப்பிவிடவில்லை. ரிப்ளை பட்டனை அழுத்தி, "கணக்கு மாறியது உண்மையா? உறுதிப்படுத்தவும்" என்று கேட்கிறான். ஐந்தே நிமிடத்தில் "ஆம், உண்மைதான்" என்று பதில் வருகிறது. "கேட்டுட்டேனுங்க சார், கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க." பணம் போகிறது. தைவானுக்குப் போகவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்த மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2023-ல் மட்டும் இந்த வகைப் புகார்களில் பதிவான இழப்பு சுமார் 290 கோடி டாலர். திருப்பூர் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். கரூர் வீட்டு ஜவுளியும் கோவை பம்ப்செட்டும் பல நாடுகளுக்குப் போகின்றன. இந்த வியாபாரத்தில் விலை பேசுவது, சாம்பிள் ஓகே ஆவது, வங்கிக் கணக்கு எண் வந்து சேர்வது என முக்கால்வாசி மெயிலில்தான். இந்த மோசடியில் நம்ம ஊரு தப்பிவிடும் என்று நினைக்கக் காரணமே இல்லை.

அந்தப் பையன் கேட்காமல் விடவில்லை. கேட்டான். ஆனால் திருடனிடமே போய் "நீ திருடனா?" என்று கேட்டுவிட்டான். அவனை அங்கே கொண்டுபோய் விட்டது ரிப்ளை பட்டன்.

கவருக்குப் பின்னால் எழுதிய முகவரி

பழைய கடுதாசியை நினைத்துப் பாருங்கள். கவரின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி இருக்கும். அதில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். தபால்காரர் சரிபார்க்க மாட்டார். மெயிலில் 'ஃப்ரம்' என்ற வரியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கலாம். அதன் பெயர் 'ரிப்ளை-டு'. "கடிதம் எழுதியது நான், ஆனால் பதிலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும் வரி. 1982-ல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதிமுறை ஆவணத்திலேயே இது இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். மேனேஜர் பெயரில் மெயில் போகும், பதில் ஆபீஸின் பொது முகவரிக்கு வரவேண்டும். அதற்கு இது வசதி. இன்றும் வேலைவாய்ப்புத் தளங்கள், வங்கிகள், கல்லூரிகள் எல்லாம் பயன்படுத்துகின்றன.

திருடனுக்கும் இது வசதிதான். ஃப்ரம் வரியில் தைவான் சப்ளையரின் அசல் முகவரியைப் போலியாகப் போடுவான். ரிப்ளை-டு வரியில் தன் முகவரியை வைப்பான். நீங்கள் ரிப்ளை அழுத்தினால், போனில் பெரும்பாலும் கண்ணில் படுவது சப்ளையரின் பெயர்தான். கடிதம் போய்ச் சேருவது வேறு இடத்தில்.

இன்னொரு வழியும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டிப் போட்டால் 'எம்' மாதிரியே தெரியும். சப்ளையரின் டொமைன் பெயரில் ஒரு 'எம்' இருந்தால் போதும். அதற்குப் பதில் 'ஆர்-என்' போட்டுப் புதிய டொமைன் வாங்கிவிடலாம். போன் திரையில், அதுவும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, யாருக்குத் தெரியப்போகுது?

கறுப்புத் திரை என்ன கேட்கிறது?

இப்போது கமாண்ட் லைனுக்கு வருவோம். கறுப்புத் திரை, அதில் எழுத்து மட்டும். மவுஸ் கிடையாது, பட்டன் கிடையாது. சினிமாவில் ஹேக்கர் தட்டுவதாகக் காட்டுவார்களே, அதேதான். அந்தத் திரையிலேயே மெயில் படிக்கவும் பதில் போடவும் பல மென்பொருள்கள் உண்டு. 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய 'மட்' அவற்றில் ஒன்று. இலவசம். முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மட்டில் ஒரு மெயிலைத் திறந்து 'ஆர்' விசையை அழுத்தினால் பதில் எழுதலாம். மெயிலில் ரிப்ளை-டு வரி இருந்து, அது ஃப்ரம் முகவரியிலிருந்து மாறுபட்டால், மட் நேராக எடிட்டரைத் திறக்காது. திரையின் அடியில் ஒரு கேள்வி வரும். "இன்ன முகவரிக்குப் பதில் அனுப்பட்டுமா? ஆமாம் / இல்லை." முகவரி முழுசாக அங்கே நிற்கும். இதற்காக நீங்கள் எந்த செட்டிங்கையும் மாற்ற வேண்டியதில்லை, மட் பிறவியிலேயே இப்படித்தான்.

அக்கவுன்ட்ஸ் பையன் அந்தக் கேள்வியைப் பார்த்திருந்தால்? பதற்றத்தில் அவனும் என்டர் தட்டியிருக்கலாம், மறுக்கவில்லை. என்டர் தட்டினால் 'ஆமாம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் "இதென்ன, ஜிமெயில் முகவரி?" என்று நிமிர்ந்து உட்கார ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். ரிப்ளை பட்டன் அந்த வாய்ப்பைத் தரவே இல்லை.

பதிலை எழுதி முடித்து சேவ் செய்தாலும் மெயில் போய்விடாது. இன்னொரு திரை வரும். யாரிடமிருந்து, யாருக்கு, நகல் யாருக்கு, என்ன தலைப்பு, பதில் எங்கே வரவேண்டும் என ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். பார்த்துவிட்டு 'ஒய்' அழுத்தினால்தான் போகும். கவரை ஒட்டுவதற்கு முன்னால் முகவரியை ஒருதரம் படித்துப் பார்ப்பது போல.

அந்த 'ஆர்-என்' வித்தையும் இங்கே அவ்வளவு எளிதில் பலிக்காது. டெர்மினல் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். 'எம்' ஒரு கட்டத்தில் அடங்கும், 'ஆர்-என்' இரண்டு கட்டம் எடுக்கும். கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும். பாதுகாப்புக்காக யாரும் இதைத் திட்டமிடவில்லை, பழைய டைப்ரைட்டர் கணக்கில் வந்த அகலம் அது.

மெயிலைத் திறந்தபடி 'எச்' அழுத்தினால் மறைந்திருக்கும் தலைப்பு வரிகள் மொத்தமும் விரியும். ஒவ்வொரு மெயிலுக்கும் ஆதார் எண் மாதிரி தனி அடையாளம் ஒன்று இருக்கிறது, 'மெசேஜ்-ஐடி'. நீங்கள் பதில் போடும்போது பழைய மெயிலின் அந்த எண் 'இன்-ரிப்ளை-டு' என்ற வரியில் சேர்ந்து போகும். இது அதற்குப் பதில் என்று உலகத்தின் எல்லா மெயில் மென்பொருளும் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். தலைப்பில் 'ரீ' என்று போட்டுவிட்டால் மட்டும் அது பதில் ஆகிவிடாது. பழைய உரையாடலை அடியில் ஒட்டி, 'ரீ' போட்டு வரும் மெயிலில் இந்த எண் இல்லையென்றால் சந்தேகப்படலாம். கவனமான திருடன் அதையும் போட்டுவிடுவான் என்பது வேறு விஷயம்.

பழைய கஞ்சியா?

"2020-கள்ல போய் கமாண்ட் லைனா? எங்க தாத்தா காலத்து சமாச்சாரமாச்சே" என்று சரவணம்பட்டி ஐடி நண்பர்கள் சிரிப்பார்கள். தாத்தா காலம் இல்லை, உங்கள் அப்பா காலம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கியது. படங்களோடு பார்க்கும் இணைப்புக்குத் தனிநபர் கட்டணம் ஆண்டுக்கு 15,000 ரூபாய். அன்றைக்கு அது பெரிய பணம். எழுத்து மட்டும் தெரியும் 'ஷெல்' கணக்கு 5,000 ரூபாய். இந்தியாவில் ஒரு தலைமுறை முதல் மெயிலை எழுதியது அந்த எழுத்துத் திரையில், 'பைன்' என்ற மென்பொருளில்தான். அவர்களில் பலர் இன்று மேனேஜர்கள். 'ரிப்ளை ஆல்' போடும் முன் இரண்டு முறை பார்ப்பார்கள்.

அந்தக் காலமும் பொற்காலம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூனிக்ஸின் பழைய 'மெயில்' கட்டளையில் சின்ன 'ஆர்' தட்டினால் எல்லாருக்கும் பதில் போகும். பெரிய 'ஆர்' தட்டினால் அனுப்பியவருக்கு மட்டும். வேறு சில யூனிக்ஸ்களில் அப்படியே தலைகீழ்! ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கும் கமாண்ட் லைனில் மெயில் பதில் எழுதிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே ஓடும் லினக்ஸ் கெர்னல் இன்னமும் மெயில் வழியாகத்தான் வளர்கிறது. கோட் திருத்தத்தை வெறும் எழுத்து மெயிலாக அனுப்ப வேண்டும், விமர்சனத்துக்கு வரிக்கு வரி மெயிலிலேயே பதில் சொல்ல வேண்டும். ஜிமெயிலின் இணையப் பக்கத்திலிருந்து அனுப்பினால் கோட் சிதையும் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. பெருந்துறையிலோ பொள்ளாச்சியிலோ படிக்கும் ஒரு மாணவர் அதில் பங்கெடுக்க விசா வேண்டாம், கேம்பஸ் இன்டர்வியூ வேண்டாம். ஒழுங்காக ஒரு ரிப்ளை போடத் தெரிந்திருக்க வேண்டும். நம் இன்ஜினீயரிங் கல்லூரிகள் லினக்ஸ் லேபில் கோப்பை நகல் எடுக்கச் சொல்லித் தருகின்றன. ஒரு மெயிலைத் திறந்து அதன் தலைப்பு வரிகளைப் படிக்கவும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது?

போனிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் 'டெர்மக்ஸ்' என்ற செயலி எஃப்-ட்ராய்டு தளத்தில் கிடைக்கிறது. அதற்குள் மட்டை நிறுவிக்கொள்ளலாம். ஜிமெயிலை இணைக்க உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை கூகுள் 2022 மே மாதமே அடைத்துவிட்டது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுவிட்டு, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் கணக்கில் இதை முயற்சி செய்ய வேண்டாம், ஐடி டீமிடமிருந்து போன் வரும். சொந்தக் கணக்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் முறை எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவிப்பீர்கள். எல்லாரும் தவித்தவர்கள்தான்.

தமிழில் பதில் எழுதுவது? அங்கே கொஞ்சம் வேதனைதான். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதனால் நீங்கள் எழுதும் தமிழ் அந்தப் பக்கம் சரியாகவே போய்ச் சேரும். ஆனால் பல டெர்மினல்களில் உங்கள் பக்கம் கொம்பு ஒரு இடத்திலும் கால் இன்னொரு இடத்திலும் கிடக்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று மேலே பாராட்டினேனே, அதே விதிதான் தமிழை உடைக்கிறது.

தினமும் இதையே பயன்படுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு இருபது பையருக்குப் பதில் போடும் மெர்ச்சண்டைசரிடம் கறுப்புத் திரையைக் கொடுத்தால் திட்டுவார், நியாயம்தான். ஒருமுறை பார்த்துவிட்டால், ஜிமெயிலுக்குத் திரும்பிய பிறகும் கண் தானாக முகவரியைத் தேடும். இணையப் பக்கத்தில் அனுப்புநர் பெயருக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதே, அதை அழுத்தினால் ஃப்ரம், ரிப்ளை-டு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். 'ஷோ ஒரிஜினல்' போனால் தலைப்பு வரிகள் முழுவதும் வரும். இத்தனை வருடமாக அது அங்கேதான் இருந்தது. அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கூகுள் நிறுவனத்துக்கும் ஒரு கேள்வி. ரிப்ளை-டு வேறு முகவரியாக இருந்தால் ஒரே ஒரு வரி கேள்வி கேட்பதை 1990-களின் இலவச மென்பொருளே செய்கிறது. அதை இன்றைய மொபைல் செயலியில் செய்வதில் என்ன கஷ்டம்? வழியில் எதுவும் குறுக்கே நிற்காமல் பதில் பறக்க வேண்டும் என்றுதான் இந்தச் செயலிகள் எல்லாம் வடிவமைக்கப்படுகின்றன. பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் குறுக்கே ஒரு வேகத்தடை இருப்பது நல்லது என்பது என் கட்சி.

மட்டும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. தைவான் சப்ளையரின் மெயில் கணக்கையே திருடன் கைப்பற்றிவிட்டால், ஃப்ரம் சரியாக இருக்கும், ரிப்ளை-டு தேவையே இல்லை, மெசேஜ்-ஐடியும் கச்சிதமாகப் பொருந்தும். அப்போது எந்தத் திரையும் உதவாது. வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால் போன் போட்டுக் கேட்பதுதான் வழி. அதுவும் அந்த மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கு இல்லை. போன வருட இன்வாய்ஸை ஃபைலிலிருந்து எடுத்து அதில் இருக்கும் நம்பருக்கு. பணம் போன பிறகு தெரிந்தால் முதலில் வங்கி, அடுத்த நிமிடமே சைபர் கிரைம் உதவி எண் 1930.