நெடுங்கணக்கைக் காக்க நெடுமூச்சுப் போதுமா?



கணிப்பொறிக்குள் நம் எழுத்தடைவு பிறழ்ந்து கிடப்பதைக் கண்டு பெருமூச்செறியும் புலவர் பலர். பிழை இன்னது, அதைத் திருத்தும் வழி இன்னது என்றெழுதி உரியவரிடம் சேர்ப்பித்தவர் எத்தனை பேர்?

சான்றொன்று காண்மின். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017-இல் ஓரிலக்கம் கட்டுரைகளைக் கடந்தது. அதனைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருள். வேறாகப் பணிக்கப்படாவிடின், அது பகுப்புப் பட்டியல்களை ஒருங்குறி எண்வரிசைப்படியே அடுக்கும். அவ்வரிசை நம் நெடுங்கணக்கன்று. இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவென 1988-இல் வகுத்த அட்டவணையைத் தழுவியது. அதில் நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். வகரத்திற்கு முன்னரே ளகரமும் ழகரமும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே ஜ என்னும் அயலெழுத்து! விளைவென்ன? 'அவலு'க்கு முன்னே 'அழல்' நிற்கும். புள்ளியெழுத்து முந்துவதே நம் அகரமுதலி மரபாயிருக்க, 'கல்வி'க்கு முன்னே 'கலம்' ஏறி அமரும். பள்ளியில் அகரமுதலி புரட்டப் பழகிய மாணவன் ஈங்குத் திகையானோ?

இது தமிழ்ப்பகைவர் சூழ்ச்சி என்பார் உளர். அன்று! தமிழ் வரிசையை அறிந்த அடுக்குமுறையும் அதே மென்பொருளுக்குள் உண்டு; ஒரு விக்கியின் அமைப்பில் அதனைத் தேர்ந்தாலன்றி அது இயங்காது. விக்கிமீடியாவின் விக்கிகளில் அம்மாற்றம் வேண்டுவோர், தம் விக்கிப் பயனர்தம் ஒப்புதல் பெற்று, பேப்ரிகேட்டர் என்னும் பிழைப்பதிவேட்டில் முறையிடல் வேண்டும். 2014 முதல் அப்பணிக்குரிய ஏடு அதுவே. கதவு திறந்தே உள்ளது. தட்டும் கைதான் இல்லை.

முறையீடும் முறையீடாக இருத்தல் வேண்டும். 'தமிழ் சரியில்லை' என்பது புலம்பல், பிழையறிக்கையன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் 'பொறி கெட்டது' என்று மட்டும் சொன்னால் பழுதுநீக்குவோன் என் செய்வான்? எப்பக்கத்தில், என்ன செய்தபோது, எது வந்தது, எது வந்திருத்தல் வேண்டும், அதற்கு இலக்கணச் சான்று யாது என ஐந்தும் நிரல்பட எழுதுக. ஒரு பதிவில் ஒரு பிழையே கூறுக. முன்னரே பிறர் பதிந்துள்ளாரா என்றும் தேடுக. வேற்று நாட்டு நிரலாளன் நெடுங்கணக்கறியான். அறிந்த நாம் வாளாவிருந்துவிட்டு அவனை நோவதோ?

'ஆங்கிலத்திலா எழுதுவது?' என வினவும் அன்பர்க்கொரு சொல். திருத்துவோனுக்கு விளங்கும் மொழியில் எழுதுவது அடிமைத்தனமன்று. தமிழ் பிழைபட்டுக் கிடக்கப் பார்த்திருப்பதே அடிமைத்தனம். புலவர் இலக்கணம் சொல்லுக. கணிப்பொறி பயின்ற இளைஞர் அதனைப் பெயர்த்தெழுதுக.

எம் திருவாலங்காட்டுக்குரிய செப்பேடுகள் 1905-இல் வெளிப்பட்டன. இராசேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்களித்த ஆணை, அலுவலர் பலர் கைமாறி, வரிப்பொத்தகத்தில் ஏறிய பின்னரே செம்பில் பொறிக்கப்பட்டது. பிழைப்பதிவேடும் அன்னதே. உரைத்தவர் யார், ஏற்றவர் யார், திருத்தியவர் யார், அத்திருத்தத்தை ஆய்ந்து ஒப்பியவர் யார் என்பதெல்லாம் அதில் நிலைத்திருக்கும். செம்பில் வெட்டிய பிழையைப் பெயர்த்தல் அரிது. நிரலிற் புகுந்த பிழையைக் களைதல் எளிது. எளிய அதனையும் செய்யாதார் மொழிகாப்போம் என முழங்குவது எற்றுக்கு?

ஊர்தோறும் ஒரு புலவரும் ஓர் இளைஞரும் இணைமின்! திங்களுக்கொரு பிழையேனும் பதிமின்! திருத்தம் வரும்வரை தொடர்மின்! தமிழ் வரிசை தமிழர் சொல்லாமல் தானே வாராது.