"டிரைவ் போச்சு" என்று சொல்லும் முன்

அருப்புக்கோட்டைப் பக்கம் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. "டிரைவ் போச்சு சார்" அல்லது "சிடி போச்சு சார்." எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் தம்பி என்று கேட்டால் பதில் வராது. இரண்டுக்கும் பின்னால் வருகிற வாக்கியம் மட்டும் ஒன்றே: "புதுசு வாங்கிடுங்க."

அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் காரணம் எழுதியாக வேண்டும். வெறுமனே "இயலாது" என்று குறிப்பு வைத்தால் மேலதிகாரி கோப்பை முகத்துக்கு நேரே திருப்பி அனுப்புவார். இந்தக் கடைகளிலோ காரணமே எழுதாமல் மனுக்கள் தினமும் தள்ளுபடி ஆகின்றன.

போவது ஒரு டிரைவ் மட்டும் என்றால் நான் இதை எழுதமாட்டேன். ஏறக்குறைய 2000 முதல் 2010 வரை நம் வீடுகளில் நடந்ததெல்லாம் சிடியிலும் டிவிடியிலும்தான் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், மகன் கல்லூரியில் செய்த புராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், எல்லாம். அதற்கு முந்திய காலத்துக்குப் போட்டோ ஆல்பம் இருக்கிறது. பிந்திய காலத்துக்கு செல்போன் இருக்கிறது. நடுவில் உள்ள அந்தப் பத்து வருடம் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் தூங்குகிறது. 2008-ல் ஆப்பிள் கம்பெனி வட்டு போடும் வாயே இல்லாத மேக்புக் ஏர் என்ற மெல்லிய லேப்டாப்பைக் கொண்டு வந்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழியே போய்விட்டார்கள். இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் அந்த வாயைத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே பழைய பெட்டியில் இருக்கும் டிரைவ்தான் அந்தப் பத்து வருடத்துக்கு மிச்சமிருக்கும் கதவு. அதைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டு அப்புறம் சாவி தேடிப் பயனில்லை.

சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சின்ன இடைச்செருகல். ஆங்கிலத்தில் இதற்கு டிரைவ், அதாவது ஓட்டுவது என்று பெயர். பிரெஞ்சில் லெக்தர் என்பார்கள். புத்தகம் வாசிக்கிற மனிதனுக்கும் அதே சொல்தான், வாசகன். (கம்ப்யூட்டருக்கு அவர்கள் வைத்த பெயர் ஓர்தினத்தர். 1955-ல் ஐ.பி.எம். கம்பெனி கேட்டுக்கொண்டதன் பேரில் ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்கு செய்பவன் என்று பொருள்.) வாசகன் என்று நினைத்துக்கொண்டால் பழுது கண்டுபிடிப்பது சுலபமாகிவிடுகிறது. ஒருவனுக்கு ஒரு கடிதம் வாசிக்க வரவில்லை என்றால் கண் மங்கியிருக்கலாம், கடிதம் அழிந்திருக்கலாம், வெளிச்சம் போதாமல் இருக்கலாம், வாசித்ததை உள்ளே எடுத்துச் செல்ல ஆள் இல்லாமலும் இருக்கலாம். நான்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் "குருடு" என்று எழுதிவிட முடியுமா?

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகள் கல்யாணம் 2004-ல் நடந்தது. அன்றைக்கு வழக்கமாக இருந்த விசிடியாக மூன்று வட்டுகள். கணவர் இப்போது இல்லை. வரவேற்பின் கடைசியில் அவர் மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசியிருக்கிறார். "அண்ணாச்சி, அவுக குரலு அதுல மட்டுந்தேன் இருக்கு. போட்டாவுல குரலு கேக்காதுல்ல" என்றார். கம்ப்யூட்டரையும் வட்டுகளையும் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரப் பையன் ஒரு சினிமா டிவிடியைப் போட்டுப் பார்த்தான். நன்றாக ஓடியது. டிரைவ் நல்லாருக்கு, உங்க சிடிதான் போச்சு என்று அனுப்பிவிட்டான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. டிவிடி டிரைவுக்குள் இருப்பது ஒரு கண் அல்ல. டிவிடியை வாசிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். சிடியை வாசிப்பது 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். வீட்டில், ஸ்டுடியோவில் எழுதிய சிடிகளில் இருக்கும் சாயம் அந்த 780-க்காகவே செய்யப்பட்டது. சிவப்பு ஒளியை அது சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால்தான் டிவிடி டிரைவ் செய்தவர்கள் இரண்டாவது லேசர் ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். ஒன்று களைத்துப் போனாலும் மற்றது நன்றாக வேலை செய்யும். டிவிடி ஓடுகிறது என்பது சிவப்புக் கண் நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. மற்றக் கண்ணைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என்னிடம் கம்பெனியில் அச்சடித்த பாட்டு சிடி ஒன்று, கீறல் இல்லாதது, இருந்தது. அதைப் போட்டேன். வட்டு சுழன்று, இரண்டு முறை விக்கி, வட்டைச் செருகவும் என்று எழுதிக் காட்டியது. ஐந்து நிமிட வேலை. வட்டு மீது விழுந்த பழி டிரைவுக்கு மாறியது.

அடுத்தது தூசி. நம்முடைய கரிசல் மண் பங்குனி, சித்திரையில் மாவு மாதிரி பறக்கும். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல மூட்டத்துப் புகையும் சேரும். தறி ஓடுகிற தெரு என்றால் பஞ்சும் சேரும். இவ்வளவும் பிடிக்க அந்த லென்ஸ் உளுந்துப் பருப்பு அளவுதான் இருக்கிறது. அலுவலகங்களில் ஏ.சி. அறைக்குள் வைத்துப் பார்த்தவர்கள் எழுதிய கையேட்டில் இதெல்லாம் வராது. கம்ப்யூட்டரை அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி, டிரைவைக் கழற்றித் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, லென்ஸை மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கலில் சும்மா ஸ்பிரிட் என்று கொடுப்பது காய்ந்த பிறகு படலம் விடக்கூடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் ஒட்டும். அழுத்தக் கூடாது, லென்ஸ் மெல்லிய கம்பிகளில்தான் தொங்குகிறது. இந்த அம்மாவின் டிரைவில் துடைத்த பிறகும் மாற்றமில்லை. சிடி வாசிக்கிற லேசர்தான் வயதாகிவிட்டது என்று அதற்குப் பிறகுதான் முடிவு செய்தேன். பழைய சாமான் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு இன்னொரு டிரைவ் வாங்கி, பின்னால் உள்ள சின்ன ஜம்பரை மாஸ்டர் இடத்தில் செருகி, அதே பட்டை வயரில் மாட்டினேன். முதல் வட்டு தயக்கமில்லாமல் திறந்தது.

இது ஒரு வகைப் பழுது. வேறு வகைகளும் உண்டு. அலுவலகத்தில் ஒரு தபால் காணவில்லை என்றால் தன்பதிவேட்டை எடுத்து எந்தத் தேதியில் எந்த மேஜையில் நின்றது என்று பார்ப்போம் அல்லவா? இங்கும் அதேதான். கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் கறுப்புத் திரையில் டிரைவின் பெயர் வருகிறதா? வராவிட்டால் வயர், மின்சாரம், ஜம்பர் இவற்றில்தான் கோளாறு. வந்தால் அந்த மேஜை தாண்டியாயிற்று. அங்கே பெயர் இருந்து, விண்டோஸ் உள்ளே போனதும் டிரைவே காணாமல் போய், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி மட்டும் இருந்தால் டிரைவ் மேல் குற்றமில்லை. வட்டு எழுதும் மென்பொருளை நிறுவி நீக்கியபோது ரெஜிஸ்ட்ரியில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகளை விட்டுவிட்டுப் போயிருக்கும். பணியிட மாறுதலில் போன அதிகாரியின் கையெழுத்துக்குக் கோப்பு இன்னும் காத்திருப்பது போல விண்டோஸ் அவற்றுக்காகக் காத்திருக்கும். ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, சிடி, டிவிடி வகைக்குக் கீழே உள்ள அந்த இரண்டை மட்டும் நீக்கி மறுபடி இயக்கினால் டிரைவ் திரும்பி வரும். செலவு பூஜ்யம். இதே அறிகுறிக்குப் புது டிரைவ் வாங்க வைத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். புது டிரைவும் அதே மஞ்சள் குறியோடுதான் நின்றிருக்கும்.

சந்தேகமிருந்தால் பப்பி லினக்ஸ் மாதிரி வட்டிலிருந்தே ஓடும் ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். கிளம்பினால் வாசகனுக்குக் கண் உண்டு என்று நிரூபணம்.

எக்ஸ்பியில் இன்னொரு வேடிக்கை. படம் ஓடும், ஆனால் நடக்க மாட்டாதவர் நடப்பது மாதிரி விட்டுவிட்டு. கீறல் விழுந்த வட்டால் ஆறு முறை தவறு நேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகமான டி.எம்.ஏ. முறையிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் பி.ஐ.ஓ. என்ற நத்தை முறைக்குப் போய்விடும். வட்டை மாற்றினாலும் ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினால் பழைய வேகம் வரும். தட்டு வெளியே வராமல் முனகினால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் நம் வெயிலில் இறுகியிருக்கும். முகப்பில் உள்ள ஊசித் துளையில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினால், மின்சாரம் இல்லாதபோதும் தட்டு வரும்.

மூன்றாவது வட்டுக்கு வருகிறேன். ஸ்டுடியோக்காரர் மணமக்கள் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து மேலே ஒட்டியிருந்தார். அப்போது அதுதான் நாகரிகம். சிடியில் நாம் பத்திரப்படுத்துவது பளபளக்கும் அடிப்பக்கத்தை. அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கிறது. எழுத்து உண்மையில் இருப்பது மேல்பக்கத்தில், பெயர் எழுதுகிற இடத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அது காயப்படும். வெயிலில் காகிதம் சுருண்டபோது ஓரத்தில் வெள்ளிப் பூச்சையும் கூடவே உரித்துவிட்டது. உரிந்த இடத்தில் எழுத்து இல்லை, எந்த டிரைவாலும் வாசிக்க முடியாது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. ஆகவே ஓரம் என்றால் படத்தின் கடைசி. அவர் பேசியதும் கடைசியில்தான்.

விண்டோஸில் சாதாரணமாக நகல் எடுத்தால், ஓரிடத்தில் வாசிக்க முடியாவிட்டாலும் மொத்தக் கோப்பையும் கைவிட்டுவிடும். ஒரு பக்கம் கிழிந்ததற்காக முழுக் கோப்பையும் எரிப்பது மாதிரி. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் கெட்ட இடத்தைத் தாண்டிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளும். வட்டைத் துடைப்பதற்கும் முறை உண்டு: நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், சுற்றிச் சுற்றி அல்ல. குறுக்குக் கீறலை டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். தடத்தின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகும் கீறலைத்தான் சமாளிக்க முடியாது. வட்டமாகத் துடைத்தால் அந்த வகைக் கீறலை நாமே போட்டுக் கொடுக்கிறோம். ஒரு இரவு முழுதும் டிரைவ் முயன்றது. அவர் பேச்சில் பெரும்பகுதி வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் இரண்டு இடத்தில் அறுபடுகிறது, பேச்சு முடியும் முன்பே நின்றுவிடுகிறது. அந்த அம்மா பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, அவசரம் அப்படி.

வெளியில் மாட்டுகிற யு.எஸ்.பி. டிரைவ் ஒன்று வாங்கினால் தீர்ந்தது, இந்த அக்கப்போர் எதற்கு என்று என் பேரன் கேட்கிறான். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பழையதை உடனே எறியாதீர்கள். அரைகுறையாக எழுதப்பட்ட வட்டு, எழுதிய டிரைவில் மட்டும் வாசிக்க வருவது உண்டு. எழுதி முடித்து மூடாமல் விட்ட வட்டுகளிலும் இந்தச் சிக்கல் வரும். தன் கிறுக்கல் தனக்குத்தான் புரியும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த விஷயம்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் முடிந்த கோப்புக்கு ஓ.மு., மூ.மு., ப.மு. என்று குறி போடுவோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு கழித்துக் கழித்துவிடலாம் என்று அர்த்தம். நிரந்தரமாக வைப்பது தனி. வீட்டு வட்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி அப்படிப் பிரியுங்கள். கேம், சினிமா, கம்பெனி கொடுத்த விளம்பர வட்டு எல்லாம் ஓ.மு. நிரந்தரக் கட்டில் கடைசியில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சும். அவற்றை மட்டும் இந்தக் கோடைக்குள் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

என் மேஜைக்கடியில் இப்போது மூன்று டிரைவ்கள் இருக்கின்றன, மூன்றும் சிடி, டிவிடி இரண்டும் வாசிப்பவை. உள்ளூர்க்காரர்கள் வட்டை எடுத்துக்கொண்டு வரலாம், காலை பத்து மணிக்கு மேல். கரண்ட் ஆபீஸ்காரர்கள் பராமரிப்புக்காக நிறுத்துகிற நாள் மட்டும் வேண்டாம்.