பீப்பாய் மாறிய பேர்பன்

பேர்பன் விஸ்கிக்கு அமெரிக்கச் சட்டம் வகுத்திருக்கும் இலக்கணம் மிகவும் கண்டிப்பானது. மூலதானியத்தில் ஆகக் குறைந்தது 51 வீதம் சோளமாக இருத்தல் வேண்டும். வடித்தெடுத்ததை, உட்புறம் தீயினால் கருக்கப்பட்ட புத்தம்புதிய ஓக் மரப் பீப்பாயில் அடைத்தல் வேண்டும். நிறமூட்டியோ சுவையூட்டியோ ஒரு துளியேனும் சேர்க்கலாகாது. அமெரிக்கக் காங்கிரஸ் 1964ஆம் ஆண்டு இதனைத் தமது நாட்டுக்கே உரிய தனித்துவமான பானமெனத் தீர்மானமே நிறைவேற்றியது.

இவ்வளவு கட்டுக்காவலுடன் வளர்ந்த ஒன்றை, முதிர்ந்த பின்னர், முன்னொரு காலத்தில் போர்ட் வைன் குடியிருந்த பீப்பாய்க்குள் சில மாதங்கள் குடியமர்த்திக் கூடிய விலைக்கு விற்கிறார்கள். வெறும் பீப்பாய்தானே என்று நினைத்துவிட வேண்டாம். வைன் இருந்த பீப்பாயின் மரத்துக்குள் சில லீற்றர் வைன் ஊறிக் கிடக்கும். சுவையூட்டி சேர்க்கலாகாது என்ற விதியை வாசலில் நிறுத்திவிட்டு, மரத்தின் வழியாக வைனை உள்ளே அழைத்துக்கொள்ளும் கெட்டித்தனம் இது என்று பழைமைவாதிகள் முணுமுணுப்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் பீப்பாய் பற்றிய விபரத்தைப் போத்தலின் முகப்பிலேயே எழுதியாக வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டு வரும் விருந்தாளியைத் திருடன் என்று சொல்ல முடியாது.

இந்த உத்தி அமெரிக்காவில் பிறந்ததன்று. ஸ்கொட்லாந்தின் பல்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் 1980களிலேயே இதனைச் செய்து காட்டினார். பேர்பனில் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, 2010களின் தொடக்கத்தில் கென்டக்கியிலிருந்து வந்த ஏஞ்சல்ஸ் என்வி. அதன் பின்னால் இருந்தவர் லிங்கன் ஹென்டர்சன். பிரவுண்-ஃபோர்மன் நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றி, வூட்ஃபோர்ட் ரிசேர்வை உருவாக்கிய மனிதர். ஓய்வு பெற்றவரை அவரது மகன் மீண்டும் களத்துக்கு இழுத்து வந்தார். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பது அத்தொழிலின் வழக்கு. எஞ்சியதைக் கண்டு அத்தேவதைகளே பொறாமைப்படும் என்பதுதான் பெயரின் பொருள். ஹென்டர்சன் 2013இல் காலமானார். 2015இல் பக்கார்டி நிறுவனம் இதனை வாங்கியது. லூயிவில் நகரில் சொந்த வடிசாலை திறக்கப்பட்டது 2016இல் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆகவே முதற் போத்தல்களில் இருந்தது பிறர் வடித்த சரக்கு. இவர்களுடைய கைவண்ணம் தேர்விலும் கலவையிலும் இரண்டாம் பீப்பாயிலுமே இருந்தது.

மது விமர்சனங்களில் பெரும்பாலானவை இலவசமாக அனுப்பிவைக்கப்படும் போத்தல்களின் மேல் எழுதப்படுபவை. பத்திரிகைத் தொழிலில் அன்பளிப்புப் பொதிகள் எழுத்தை எப்படி வளைக்கும் என்பதைப் பல தசாப்தங்களாகப் பார்த்தவன் நான். இப்போத்தல் என் சொந்தக் காசில் வாங்கியது. நாக்கு விலையைப் பார்த்தே ருசிக்கும் என்பதனால், பாதி விலையுள்ள சாதாரண பேர்பன்கள் இரண்டையும் சேர்த்து, எது எதுவென்று எனக்குத் தெரியாதவாறு மூன்று கிளாஸ்களில் ஊற்றித் தரும்படி நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொண்டேன்.

முகர்ந்தவுடனேயே மாறிய பீப்பாய் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. முந்திரிகை வற்றலின் வாசம் முதலில், பின்னர் வனிலா, அதற்கும் அடியில் மெல்லிய தேங்காய் மணம். இந்தத் தேங்காய் மணம் கற்பனையன்று. அமெரிக்க வெள்ளை ஓக் மரத்திலுள்ள லக்டோன் என்ற சேர்மம் தருவது. தென்னஞ்சாராயத்தில் பழகிய மூக்கு அதை மற்றவர்களுக்கு முன்னர் கண்டுகொள்ளும் என்பது என் எண்ணம். போர்ட் வைன் பேர்பனை மூழ்கடிக்கவில்லை. விருந்தாளி திண்ணையோடு நின்றுகொண்டார் எனலாம். இதே நிறுவனம் றம் பீப்பாயில் இட்டு விற்கும் ரை விஸ்கியில் அந்த நாகரிகம் இல்லை, அது மிட்டாய்.

நாக்கில் வந்தபோதுதான் எனக்குக் குறை தென்பட்டது. பழச்சுவையும் கசப்புச் சொக்லேட்டும் இனிதாகவே தொடங்குகின்றன. ஆனால் 43.3 வீதச் செறிவு இந்தச் சுமைக்குப் போதாது. நடுவில் ஒரு வெறுமை. விழுங்கிய பின் தங்கும் சுவையும் குறுகியது. சில துளி நீர் விட்டதும் வைன் தனியே, விஸ்கி தனியே என்று பிரிந்து நின்றன. சாதாரண கிளாஸ்களில் ஒன்று மணத்தில் இதற்கு ஈடாகாவிடினும், தொண்டையில் நீண்ட நேரம் நின்றது. விலை தெரியாமல் என்னைக் கேட்டிருந்தால், மணத்துக்கு இதையும் குடிப்பதற்கு அதையும் தெரிந்திருப்பேன்.

எனது ஆட்சேபம் போர்ட் வைனின் மீதன்று. வயதைப் பற்றிய மௌனத்தின் மீது. போத்தலில் ஆண்டுக் கணக்கு இல்லை. முகப்பிலுள்ள 'ஸ்ட்ரெயிட்' என்ற சொல் சட்டப்படி உறுதி செய்வது ஆகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளை மாத்திரமே. இரண்டாம் பீப்பாயைப் பெருமையுடன் எழுதுகிறவர்கள் முதற் பீப்பாயில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதையும் எழுதலாமே! மிகையான இனிப்பு இளமையை மறைக்கும் என்பதை வடிப்பவர்கள் அறிவார்கள். வாங்குபவர்களில் பலர் அறியார்கள். இன்று பீப்பாய் மாற்றாத நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செரி, மடெய்ரா, கொன்யாக் என்று முகப்புகள் நீள்கின்றன. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் அவர்களுள் எத்தனை பேர் என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

நீர் கலக்காமல் பீப்பாயின் முழுச் செறிவிலேயே அடைக்கப்பட்டு ஆண்டுக்கொரு முறை வெளிவரும் இதன் மற்றொரு வடிவத்துக்குப் பல மடங்கு விலை. நான் கண்ட வெறுமை அதில் இராதென்றே நம்புகிறேன். ஆனால் அந்தப் பணத்துக்கு, வயதை வெளிப்படையாக எழுதியிருக்கும் நல்ல பேர்பன் மூன்று வாங்கலாம். நான் அதைத்தான் செய்வேன்.