விளக்குக்கு வண்ணம் பூசினால் போதுமா?

தீபாவளி நெருங்கினால் இங்கே தில்லியில், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் வண்ணம் தீட்டிய அகல் விளக்குகள் பள்ளிகளில் விற்பனைக்கு வரும். நாமும் வாங்குகிறோம், நல்லதுதான். ஆனால் எட்டு வயதில் விளக்குக்கு வண்ணம் பூசிய பிள்ளை பதினாறு வயதிலும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. இதைத் தொழிற்கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அக்காள் மகனுக்கு அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவு. அவனுடைய ஆசிரியை ஒருவர் சப்பாத்தி மாவு பிசைவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒன்று பழகிய பிறகே அடுத்ததைக் கற்றுக்கொடுத்தார். மாவை அளந்ததில் கணக்கு வந்தது. கடையில் மீதிச் சில்லறை கேட்டதில் பேச்சு வந்தது. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் இந்தி என்று திணறியவன் அவன்!

நம்மவர்களுக்கோ மதிப்பெண் மயக்கம். "ஓவியமும் சமையலும் சோறு போடுமா?" என்கிறார்கள். (சமையல் சோறு போடாதாம்!) சி.பி.எஸ்.இ. இக்குழந்தைகளுக்கு இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி போதும் என்கிறது. இசை, ஓவியம், மனையியல் எடுக்கவும் வழி உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பள்ளியில் இவற்றைக் கேட்டிருக்கிறோம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: இந்த வருடம் என் பிள்ளை புதிதாக என்ன வேலை கற்கப் போகிறான்? விற்ற விளக்குக்கு அவன் கையில் எவ்வளவு கொடுத்தீர்கள்?