ஊர் மாற்றத்தின் பங்காளிகள்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறுகிறது. அதற்குள் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. கோயில் நாட்காட்டியும் பள்ளிக்கூட நாட்காட்டியும் இப்படிப் பொருந்தி வருவதால் ஓகஸ்ட் மாதத்து யாழ்ப்பாணம் ஒரு தனி யாழ்ப்பாணமாகிவிடுகிறது. விடுதிகள் நிரம்புகின்றன, வான் வாடகை ஏறுகிறது, மீன் விலையைச் சொல்லி உள்ளூர்ச் சனம் குறைப்படுகிறது. 25 நாள் திருவிழா தீர்த்தத்தோடு முடிய, வந்தவர்களும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறார்கள். புறப்படும்போது அவர்களில் பலர் சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்: "ஊர் முந்தி மாதிரி இல்லை, கெட்டுப் போச்சு." இந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் அதிர்ச்சி உண்மையானது, அதை யாரும் இலேசாக எண்ணக் கூடாது. ஆனால் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லுகிறவர் வெளியிலிருந்து பார்த்த சாட்சி இல்லை. ஊர் மாறியதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் விடுமுறைப் பயணங்கள் இரு தரப்பையும் நோகடித்துக்கொண்டேதான் இருக்கும் என்பது என் வாதம்.

1938இல் ஒஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பிறகு வியன்னாவிலிருந்து வெளியேறி நியூயோர்க்கில் குடியேறியவர் அல்பிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர். வீடு திரும்புகிறவனைப் பற்றி அவர் 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். போர்முனையிலிருந்து படைவீரர்கள் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. புது நாட்டுக்குப் போகிறவனுக்கு அங்கே எல்லாம் வேறாக இருக்கும் என்று முன்னமே தெரியும். வீடு திரும்புகிறவனோ எல்லாம் விட்டுப்போன இடத்திலேயே இருக்கும் என்று நம்பி வருகிறான், அதனால் அவனுக்கு அடி பலமாக விழுகிறது என்பது அவர் கண்டது. போனவனும் மாறிவிட்டான், இருந்தவர்களும் மாறிவிட்டார்கள். இரு தரப்பும் பழைய முகத்தையே எதிர்பார்த்து நிற்கின்றன. திரும்பி வருகிறவனை மட்டும் ஆயத்தப்படுத்தினால் போதாது, வீட்டில் இருப்பவர்களையும் ஆயத்தப்படுத்த வேண்டும் என்றும் அவர் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சிந்தனை பொருந்தும், ஆனால் முழுதாகப் பொருந்தாது. ஷூட்ஸின் படைவீரனுக்கு வீடு இருந்த இடத்தில் இருந்தது. இங்கே வீட்டில் இருந்தவர்களே வீட்டை விட்டு ஓடியவர்கள்.

1980களிலும் 1990களிலும் கொழும்பு வழியாக நாட்டை விட்டுப் போனவர்கள் நெஞ்சில் கொண்டுபோன ஊர் ஒன்று உண்டு. கிடுகு வேலி, ஒழுங்கை, பூவரசு, சைக்கிள், கோயில் மணி. அந்த ஊர் அவர்கள் போன பிறகும் அப்படியே இருந்து, பிறகு யாரோ கெடுத்ததாக ஒரு நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது. நடந்தது வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் தங்கள் வீட்டுக்கே அந்நியராக வந்தார்கள். வலிகாமம் வடக்கில் பலருக்கு அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தக் காணியில் கால் வைக்க முடியவில்லை. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும், 2002இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. ஆகவே பழைய ஊரை இழந்தவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் என்று எண்ணுவது சரியில்லை. ஊரில் இருந்தவர்களும் அதே ஊரைத்தான் இழந்தார்கள். இழந்த இடத்தின் மேலேயே அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, இன்னொரு ஊரைக் கட்டினார்கள். அந்த இன்னொரு ஊரைத்தான் வருகிறவர் பார்த்துக் கெட்டுப் போச்சு என்கிறார்.

இனி அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். கிடுகு வேலி போய் ஆளுயர மதில் வந்ததை எல்லாரும் குறைசொல்கிறார்கள். அந்த மதிலுக்குச் சீமெந்து வாங்கிய காசில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. கலியாணமும் சாமத்தியச் சடங்கும் மண்டபத்துக்குப் போய், புகைப்படக்காரரின் விருப்பத்துக்கு ஏற்ப நடக்கின்றன என்கிறார்கள். அந்தச் செலவுக்கு அளவு வைத்தவை வெளிநாட்டிலிருந்து வந்து நடத்திய கொண்டாட்டங்கள். பொடியள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் என்றால், அந்த மோட்டார் சைக்கிளுக்குக் காசு அனுப்பிய மாமாவோ சித்தப்பாவோ பெரும்பாலும் கடல் கடந்துதான் இருக்கிறார். படிப்பில் நாட்டமில்லை, எந்த நேரமும் வெளிநாடு போகும் கதைதான் என்று சலிப்பவர்கள், அந்த ஆசைக்கு உயிருள்ள விளம்பரமாக ஒவ்வொரு ஓகஸ்டிலும் வந்து இறங்குகிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். காசு அனுப்பியது பிழை என்று நான் சொல்லவில்லை. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியும், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் சேர்த்த காசு அது. தடைக் காலத்திலும், 2004 சுனாமிக்குப் பிறகும், 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்றபோதும் அந்தக் காசுதான் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது. காப்பாற்றிய காசுதான் ஊரின் தோற்றத்தையும் விலையையும் ஆசையையும் மாற்றியது. முதலாவதற்குப் பெருமைப்படுகிறவர் இரண்டாவதிலிருந்து விலகி நிற்க முடியாது.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்குச் சுமார் 200 ரூபாய். சில மாதங்களில் அது 360ஐத் தொட்டது. வெளிநாட்டு நாணயத்தோடு வந்தவருக்கு எல்லாமே மலிவு. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வீட்டில் அரிசியும் பால்மாவும் மருந்தும் எட்டாத விலை. ஒரே கடையில், ஒரே நேரத்தில், ஒரே குடும்பத்து இரண்டு பேர் இரண்டு வேறு விலைகளைப் பார்த்தார்கள். "என்ன மலிவு!" என்ற சாதாரணப் பேச்சு அப்போது எப்படித் தைத்திருக்கும் என்பதைச் சொன்னவர் அறிந்திருக்க மாட்டார். விருந்தோம்பும் வீட்டில் இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதும் இல்லை. நண்டும் இறாலும் வாங்கிச் சமைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று பரிமாறியவர்கள் அடுத்த மாதம் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். இது கடிதக் காலம் இல்லையே, நாளாந்தம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, பிறகு எங்கே இடைவெளி என்பார்கள். முகம் தெரிவது உண்மை. ஆனால் அந்தச் சின்னத் திரையில் எதைக் காட்டுவது என்பதை இரு பக்கமும் தெரிவு செய்கின்றன. அம்மா நாற்காலியில் இருந்து கதைப்பாள். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பது தெரியாது. மகன் காருக்குள் இருந்து கதைப்பான். அது இரண்டாவது வேலைக்குப் போகும் வழி என்பது தெரியாது. இங்கே அடகு வைத்த நகையை அங்கே சொல்வதில்லை, அங்கே கட்ட முடியாமல் நிற்கும் வீட்டுக் கடனை இங்கே சொல்வதில்லை. நாளாந்தம் பார்க்கிறோம் என்ற நம்பிக்கையே நேரில் வரும்போது அடியைக் கூட்டுகிறது.

இரண்டாவது மறுப்புக் கனமானது. ஊரில் நடக்கும் அநியாயத்தை வருகிறவர் கண்டால் வாய் மூடியிருக்க வேண்டுமா? சாதி பார்க்கும் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர்கள் கேட்ட கேள்விக்கு ஊர் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. சீதனம் இருக்கிறது. போதைப்பொருள் வந்திருக்கிறது. நீண்ட காலம் வெளியே வாழ்ந்த கண்ணுக்கு இவை உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். பழகிப்போனவர்கள் காணாததை அந்தக் கண் காணும். இந்த வகை அதிர்ச்சியை நான் வரவேற்கிறேன். அதை அடக்கிக்கொண்டு மரியாதைக்குச் சிரிப்பவரால் ஊருக்கு நன்மை இல்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமையும் பங்கை ஒப்புக்கொள்வதிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கேட்ட சீதனம் ஊர்ச் சந்தையில் எல்லாப் பெண்களின் சீதனத்தையும் ஏற்றியது. மேற்கு நாட்டு நகரங்களில் இருந்துகொண்டு சாதி விசாரித்துத்தான் பலர் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். கோபுரம் கட்டக் காசு கேட்கும்போது, அந்தக் கோயிலுக்குள் எல்லாரையும் விடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கும் வசதி நன்கொடையாளருக்கு உண்டு. அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? உறுத்தலை அந்தக் கேள்வியாக மாற்றுகிறவரின் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கும்.

நாங்கள் விரும்பிப் போகவில்லை, துரத்தப்பட்டோம் என்று சொல்பவர்களும் உண்டு. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும் வரை திரும்ப முடியாமல், பெற்றோரின் செத்தவீட்டை வீடியோ நாடாவில் பார்த்து அழுதவர்கள் அவர்கள். அந்தத் துயரத்துக்கு எந்தப் பதிலும் என்னிடம் இல்லை. ஊர் அழிந்ததே என்று அவர்கள் அழட்டும், ஊரில் இருப்பவர்களும் கூட இருந்து அழுவார்கள். இருப்பவர்களால் ஊர் கெட்டது என்பது மட்டும் அந்த அழுகையில் சேராது.

பிள்ளைகளின் கதை வேறு. ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை திரும்பி வரவில்லை, முதல் தரம் வருகிறது. நுளம்பும் வெக்கையும் அதற்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. யாரென்றே தெரியாத மாமி "என்ன, கறுத்து மெலிஞ்சு போனாய்?" என்று கன்னத்தைத் தடவுவதுதான் அதிர்ச்சி. பெரியவர்கள் அதன் தமிழைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நோர்வேயில் வளர்ந்த பிள்ளையும் பிரான்ஸில் வளர்ந்த அதன் மச்சாளும் பாட்டியின் முற்றத்தில் சந்திக்கும்போது இருவருக்கும் பொதுவாகப் பெரும்பாலும் தமிழ் ஒன்றுதான் இருக்கிறது. அந்த அரைகுறைத் தமிழை வளர்க்கும் இடம் அந்த முற்றம்.

எல்லாவற்றிலும் பங்காளி என்ற நிலை வெளிப்படையாகத் தெரிவது காணியில். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தின் மக்கள் தொகை 7 லட்சத்துக்கு மேல். 2012இல் அது 6 லட்சத்துக்குக் கீழே. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 நாடாளுமன்ற ஆசனங்கள் இருந்தன, 2024இல் 6. ஆட்கள் குறைந்த ஊரில் பூட்டிய கேற்றுகள் கூடியிருக்கின்றன. பிரிக்காத ஆறு பரப்புக் காணியில் ஒரு பங்கு கனடாவில், ஒரு பங்கு டென்மார்க்கில், ஒரு பங்கு ஊரில். தேசவழமைச் சட்டப்படி ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். ஊரில் இருப்பவர் வீடு கட்டவும், வங்கியில் கடன் எடுக்கவும், மகளுக்கு எழுதிக் கொடுக்கவும் மற்ற இரண்டு கையெழுத்துகளுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துக்காரர் திருவிழாவுக்கு வருகிறார், தேர் பார்க்கிறார், விருந்துகளுக்குப் போகிறார். காணிக் கதையை எடுக்க நேரமில்லாமல், எடுத்தால் மனம் கசக்குமே என்ற பயத்தில், இரு தரப்பும் அதை அடுத்த ஓகஸ்டுக்குத் தள்ளுகின்றன.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த பயணச்சீட்டை வாங்க முன்னர், ஊரில் இருப்பவருக்குத் தொலைபேசி எடுத்து, எந்த மாதம் வந்தால் உங்களுக்கு வசதி என்று கேளுங்கள். விடுப்புக் கிடைத்தால் ஒருமுறையாவது திருவிழா இல்லாத மாதத்தில், மாரி மழைக்குள் வாருங்கள். ஊர் சாதாரணமாக எப்படி வாழ்கிறது என்பது அப்போது தெரியும். வரும்போது காணி உறுதியின் பிரதியையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். வர முடியாதவர்கள் அற்றோணித் தத்துவத்தை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். வந்தவர்கள் நொத்தாரிசிடம் போக ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.