யாருக்கு எந்த வண்டி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆளைப் பார்த்து எடை போடாதே என்பர் பெரியோர். இக்காலத்தில் நாம் ஆளைக்கூடப் பார்ப்பதில்லை. அவன் ஏறிவரும் வண்டியைப் பார்த்தே எடை போட்டுவிடுகிறோம். இது முறைதானா?

விடியற்காலையில் ஆத்தூர் - செம்பட்டிச் சாலையில் நின்று பாருங்கள். பூ மூட்டை, பால் கேன், தேங்காய்ச் சாக்கு இவற்றைச் சுமந்து வருபவை பெரும்பாலும் டி.வி.எஸ். மொபெட்டுகளே. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்தவை இவை. கியர் மாற்றும் தொல்லை இல்லை. முன்னால் சாக்கை நிறுத்த இடமுண்டு. வேட்டி கட்டியவரும் எளிதில் ஏறலாம். உழவரும் சிறு வியாபாரியும் இதை விரும்பக் காரணம் வேறு வேண்டுமா?

மாதச் சம்பளக்காரர்களும் ஆசிரியர்களும் நாடுவது ஸ்பிளெண்டரை. 1994-இல் ஹீரோ ஹோண்டா தயாரிப்பாக வந்தது. அக்கூட்டு பிரிந்த பின்னும் ஹீரோ பெயரில் ஓடுகிறது. குறைந்த பெட்ரோல், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரி பாகம் இவையே அதன் பலம். புல்லட்டோ கம்பீரத்தை விரும்புவோரின் வண்டி. 1955 முதல் சென்னையோடு தொடர்புடையது. இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தியதால் வந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

இளைஞர் உள்ளம் வேகத்தை நாடுவது இயற்கை. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றும் தேடி அலைகிறார்கள். 2001-இல் வந்த பல்சரும், 2012-இல் வந்த கே.டி.எம். டியூக்கும் நம் வகுப்பறைப் பேச்சில் இடம்பெறாத நாளில்லை. ஆசைப்படுவது குற்றமன்று. ஆனால் அந்த ஆசைக்குத் தவணை கட்டுபவர் யார்? தாயின் தோடு அடகுக்கடைக்குப் போய் மகனின் வண்டி வீட்டு வாசலுக்கு வருவது பெருமையா?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. தேர்வில் இதற்கு மதிப்பெண் வாங்குகிறோம். சாலையில் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பறக்கிறோம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணம் தந்தையின் மொபெட்டில் சந்தைக்குப் போன தேங்காயிலிருந்து வந்தது. அவ்வண்டியைக் கேலி செய்யும் நண்பர்களிடம் எனக்குக் கோபமில்லை, வருத்தம் உண்டு. அவர்களில் பலரின் கட்டணமும் அப்படிப்பட்ட வண்டியில்தான் வந்திருக்கும்.

வண்டி ஒருவர் செய்யும் தொழிலைக் காட்டலாம். அவருடைய தகுதியைக் காட்டாது என்பது என் துணிபு. விரும்பிய வண்டியை நம் உழைப்பின் ஊதியத்தில் வாங்குவோம். அதுவரை மொபெட்டிலோ அரசுப் பேருந்திலோ நாணமின்றி வருவோம்.